நீ தெற்கத்திப் பிள்ளைதான், தாயி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கிற சங்கதி இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ இருக்கிற வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா அமெரிக்காவின் தெற்கோடு சேர்த்தியா, வடக்கோடு சேர்த்தியா என்று உன் ஆபீஸில் பேச்சு வந்ததாம். அதில் ஒருவர், "நீ அலபாமாவில் பிறந்திருக்கலாம், ஆனால் உன்னைத் தெற்கத்திக்காரி என்று எப்படிச் சொல்வது?" என்றாராம். நீ சிரித்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னாய். ஆனால் அதைச் சொல்லும்போது உன் குரலில் சிரிப்பைக் காணோம்.

முதலில் வரைபடத்தை முடித்துவிடுவோம். பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் நடுவே மேசன் டிக்சன் கோடு ஓடுகிறது. 1763 முதல் 1767 வரை இரண்டு ஆங்கிலேயர்கள் அளந்து போட்டது. பென் குடும்பத்துக்கும் கால்வர்ட் குடும்பத்துக்கும் இருந்த எல்லைத் தகராறு அது. பிற்காலத்தில் அடிமை முறை இருந்த பக்கம், இல்லாத பக்கம் என்று நாட்டையே பிரித்துப் பேசுகிற கோடாகிவிட்டது. அந்தக் கணக்கில் மேரிலாந்தே தெற்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 16 மாநிலங்களோடு தலைநகர் வாஷிங்டனையும் சேர்த்துத் தெற்கு என்கிறது. டெலவேர்கூட அதில் உண்டு. உள்நாட்டுப் போரில் அமெரிக்காவைவிட்டுப் பிரிந்துபோனவர்களை மட்டும் எண்ணினால் 11 மாநிலங்கள். ஆளுக்கொரு கணக்கு.

எனக்குப் பிடித்தது வேறொரு கணக்கு. வட கரோலினாவில் ஜான் ஷெல்டன் ரீட் என்று ஒரு சமூகவியல் பேராசிரியர் இருந்தார். 1970களில் அவர் ஊர் ஊராகத் தொலைபேசிப் புத்தகங்களை எடுத்துவைத்து, கடை, கம்பெனிப் பெயர்களில் 'சதர்ன்' எத்தனை, 'அமெரிக்கன்' எத்தனை என்று எண்ணிப் பார்த்தார். 'அமெரிக்கன்' என்ற பெயரை யாரும் எங்கேயும் வைக்கலாம். டயர் கடைக்கும் சலவைக்கடைக்கும் 'சதர்ன்' என்று ஒருவர் பெயர் வைத்தால், அந்த ஊர்க்காரர்கள் தங்களை அப்படி நினைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அரசாங்கம் போட்ட கோட்டைவிட இது எனக்கு நம்பும்படி இருக்கிறது. ப்ளோரிடாவையே எடுத்துக்கொள். நம் எல்லையை ஒட்டிய பென்சகோலா பக்கம் பேச்சும் சாப்பாடும் நம்மூர் மாதிரியேதான். கீழே மயாமிக்குப் போனால் அது கியூபாக்காரர்களின் உலகம். அந்த மாநிலத்தில் தெற்கைப் பார்க்க வடக்கே போகவேண்டும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

சரி, இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று இத்தனை வருடம் பார்த்ததைச் சொல்கிறேன்.

டோத்தன் போகிற சாலையில் கடலை வாங்கித் தின்றது உனக்கு நினைவிருக்கும். அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் பெரிய அண்டாவில் உப்புத் தண்ணீர் கொதிக்கும். பச்சைக் கடலை தோலோடு மணிக்கணக்கில் கிடந்து வேகும். கரண்டியால் அள்ளிப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். காரில் ஏறுவதற்குள் பை அடியில் நனைந்து உன் கவுன் எல்லாம் உப்புத் தண்ணீர். நான் கோவில்பட்டிக்காரன். கடலை மிட்டாய்க்குப் பேர்போன ஊரில் பிறந்து, அவிச்ச கடலையை உரித்துத் தின்று வளர்ந்தவன். நான் அறிந்தவரை வடக்கே இருக்கிற அமெரிக்கர்கள் இதைத் தொடமாட்டார்கள். இவர்களும் நம்ம ஆட்கள்தான் என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான்.

வெண்டைக்காயை மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். புத்தாண்டன்று தட்டப்பயறும் கொலார்டு கீரையும் சமைக்காத வீடு நம் தெருவில் கிடையாது. கறுப்பர் வீடு, வெள்ளையர் வீடு என்ற வித்தியாசமே இல்லை. இந்த வெண்டைக்காயும் தட்டப்பயறும் அடிமைக் கப்பல்களின் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. தென் கரோலினாவின் கடற்கரைச் சதுப்பில் நெல் விளைந்தது, மேற்கு ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்டவர்களைப் பிடித்துக் கொண்டுவந்து வேலை வாங்கியதால்தான். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு சிகாகோ, டெட்ராய்ட் என்று கிளம்பிப் போனார்கள். போன இடத்துக்கெல்லாம் அந்தச் சமையலும் அந்தத் தேவாலயப் பாட்டும் கூடவே போயின. ஆக, தெற்கு வெள்ளைக்காரர்களின் குடும்பச் சொத்து என்று யாராவது பேசினால் நீ நம்பாதே. அதைச் சமைத்தவர்கள், பாடியவர்கள், உழுதவர்கள் யார் என்று கேள்.

அப்புறம், சாவு. கோவில்பட்டியில் உன் அப்பத்தா இறந்த செய்தி வந்த அன்று நீ சின்னப் பிள்ளை. எப்படித் தெரிந்ததோ, சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கண்ணாடிப் பாத்திரத்தில் சமைத்த சாப்பாடு. நாம் கறி சாப்பிடமாட்டோம் என்று தெரிந்த எதிர்வீட்டு அம்மையார் மக்ரோனியும் சீஸும் தனியாகச் செய்து கொண்டுவந்தார். யாரும் அதிகம் பேசவில்லை, உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அம்மா பாத்திரங்களைக் கழுவும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு டேப், அதில் பேனாவால் வீட்டுக்காரர் பெயர். இந்த ஊரில் துக்க வீட்டுக்கு என்றே பாத்திரம் புழங்குகிறது! துக்க வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும் என்று கண்டு வளர்ந்தவன் நான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அம்மா ஒவ்வொன்றிலும் கேசரி கிண்டி வைத்து அனுப்பியதும், அந்த அம்மையார் கேசரிக்குச் செய்முறை கேட்டு வந்ததும் உனக்குத் தெரிந்த கதைதான். சவ ஊர்வலம் எதிரே வந்தால் யார் என்று தெரியாவிட்டாலும் காரை ஓரங்கட்டி நிறுத்துகிறார்களே, அதையும் இதோடு சேர்த்துக்கொள்.

பெரியவர்களிடம் நீ "எஸ் மேம்", "எஸ் சார்" என்று சொல்வதை உன் ஆபீஸில் விநோதமாகப் பார்க்கிறார்கள் என்றாய். விட்டுவிடாதே. நாங்கள் உனக்குச் சொல்லிக் கொடுத்த மரியாதையும் உன் டீச்சர்கள் சொல்லிக் கொடுத்த மரியாதையும் ஒன்றாகவே இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இதுவரை சொன்னது இனிப்பான பாதி. இதை மட்டும் எழுதி அனுப்பினால் உன்னை ஏமாற்றியதாகிவிடும்.

மான்ட்கமரியிலிருந்து செல்மா போகிற வழியில் மண்ணைக் கவனித்திருக்கிறாயா? மழை பெய்தால் காலில் அப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அலபாமாவுக்குக் குறுக்கே ஓடும் இந்தக் கரிசலுக்கு இங்கே பிளாக் பெல்ட் என்று பேர். கரிசல் என்றால் பருத்தி. அது எங்கள் ஊர் நியாயமும்தான். 1793-இல் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரம் வந்ததும் இந்த மண்ணுக்குக் கிராக்கி வந்தது, உழைக்க ஆள் வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808-இல் சட்டம் தடுத்துவிட்டது. பிறகு எங்கிருந்து ஆள்? வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் புகையிலைத் தோட்டங்களில் இருந்தவர்களைக் குடும்பத்தைப் பிரித்து விற்றார்கள். உள்நாட்டுப் போர் வரைக்கும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இப்படிக் கீழே கொண்டுவரப்பட்டார்கள். நடத்தியும் கொண்டுவந்தார்கள், கப்பலிலும் ஏற்றினார்கள்.

நம்மூர் மான்ட்கமரியின் டெக்ஸ்டர் அவென்யூவில் நாம் நடக்காத நாள் உண்டா? ஒரு முனையில் நீரூற்று இருக்கிற கோர்ட் ஸ்கொயர். அங்கேதான் மனிதர்களை ஏலம் விட்டார்கள். வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதானாரே ரோசா பார்க்ஸ், 1955 டிசம்பரில் அவர் அந்தப் பஸ்ஸில் ஏறியதும் அங்கேதான். மறுமுனையில் மாநிலத் தலைமைச் செயலகம். 1861 பிப்ரவரியில் ஜெபர்சன் டேவிஸ், பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராகப் பதவியேற்றது அதன் முகப்பில். 1965 மார்ச்சில் வாக்குரிமை கேட்டுச் செல்மாவிலிருந்து நடந்துவந்த கூட்டத்துக்கு மார்ட்டின் லூதர் கிங் பேசியது அதே கட்டடத்தின் முன்னால். அவர் பாதிரியாராக இருந்த தேவாலயம் ஒரு கூப்பிடு தூரம். இத்தனையும் ஒரே தெரு. அந்த நடைப்பயணம் கடந்துவந்த லவுண்டஸ் மாவட்டத்தில் அப்போது ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள். அந்த ஆண்டு தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. கிங்குக்கும், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி ராபர்ட் லீக்கும் இந்த மாநிலம் ஒரே நாளில் விடுமுறை விட்டுவந்திருக்கிறது. பள்ளியில் உனக்கு அது குழப்பமாக இருந்தது. இந்த வயதில் எனக்கு அது கோபமாக இருக்கிறது.

சோறு கொண்டுவந்து கொடுக்கிற அதே ஊர்தான் இதையும் செய்தது. எனக்கு இது புதிதில்லை, தாயி. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டீக்கடையில் இரண்டு வகை கிளாஸ் இருந்தது; யாருக்கு எது என்று கடைக்காரர் கேட்கவே மாட்டார், முகம் பார்த்தே எடுப்பார். அதே கடைக்காரர் வெயிலில் வந்த வழிப்போக்கருக்குக் காசு வாங்காமல் மோர் கொடுப்பார். இங்கே பழைய படங்களில் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று இரண்டு தண்ணீர்க் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது எனக்கு அந்தக் கிளாஸ்கள்தான் கண்ணில் தெரிகின்றன. அதற்காக நான் கோவில்பட்டிக்காரன் இல்லை என்று சொல்வேனா? ஊரை நேசிக்கிறவனுக்குத்தான் ஊர் செய்ததைப் பேசுகிற கடமை அதிகம்.

இன்னொன்று. வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்டில் கையெழுத்தானது. நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டின் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் அதே ஆண்டு அக்டோபரில். அதற்கு முன், 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேர்தான் குடியேற வரலாம். பிறப்பைப் பார்த்து ஆளைப் பிரிக்கிற சட்டங்கள் கூடாது என்று இந்தத் தெருக்களில் அடிபட்டு நின்றவர்கள் உருவாக்கிய காற்றில்தான் அந்தக் கதவும் திறந்தது. நான் இங்கே வந்து வேலை பார்த்ததற்கும், நீ இங்கே பிறந்ததற்கும், அந்த நடைப்பயணத்துக்கும் தொடர்பு உண்டு. ஆகவே தெற்கு உனக்கு யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கிற பட்டம் இல்லை. உன் பேச்சில் இருக்கிறது, நாக்கில் இருக்கிறது, நீ இந்த நாட்டுக் குடிமகளாக இருப்பதிலேயே இருக்கிறது.

இனி உன் அலெக்சாண்ட்ரியா. காபிக் கடைகளையும் வாஷிங்டனுக்கு ஓடுகிற ரயிலையும் பார்த்துவிட்டு அது தெற்கில்லை என்கிறார்கள். டியூக் தெருவில் பழைய செங்கல் வீடு ஒன்று இருக்கிறது, கதவு எண் 1315. 1828 முதல் 1836 வரை பிராங்க்ளின், ஆர்ம்ஃபீல்டு என்ற இரண்டு பேர் அங்கே அடிமை வியாபாரம் நடத்தினார்கள். நாட்டிலேயே மிகப் பெரிய வியாபாரங்களில் ஒன்று. அந்த வீட்டு முற்றத்தில் அடைத்துவைத்து, அங்கிருந்து நாட்செஸ், நியூ ஆர்லியன்ஸ் சந்தைகளுக்கு ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பினார்கள். பருத்திக் காட்டுக்கு ஆள் போனது உன் ஊரிலிருந்து. அப்படிப்பட்ட ஊர் தெற்கா இல்லையா என்று நீயே முடிவு செய். அதே ஊரில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் போர்வீரன் சிலை ஒன்று 1889 முதல் தெற்கே பார்த்து நின்றது; 2020-இல் எடுத்துவிட்டார்கள்.

அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். ஒரு சனிக்கிழமை திறக்கும் நேரம் விசாரித்துக்கொண்டு போய்வா. சுவரில் எழுதியிருப்பதை அவசரமில்லாமல் படி, பார்த்ததை எனக்குப் போனில் சொல்.

டிசம்பர் டிக்கெட்டை இந்த வாரமே போட்டுவிடு, விலை ஏறிக்கொண்டிருக்கிறது. ஜனவரி இரண்டாம் தேதிக்கு முன்னால் திரும்புகிற மாதிரி போடாதே. புத்தாண்டன்று எதிர்வீட்டு அம்மையார் நம் மூவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், கீரையைப் பன்றிக்கறி சேர்க்காமல் சமைப்பதாகவும் சொல்லிவிட்டார். அம்மா கேசரிக்கு முந்திரி வாங்கி வைத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா