கிராம் கணக்கு வேண்டாம், மாசக் கணக்கு சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் தக்கலை பக்கத்துல உள்ள ஒரு வாசகி, ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வர்ற ஹெல்த் பக்கத்தை விடாம வாசிக்கிறவ. வாசிச்சு வாசிச்சு இப்பம் எதைத் திங்கணும் எதை விடணும்னே தெரியல, அதான் எழுதுறேன்.

ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் அமிர்தம்ங்கீங்க, அடுத்த மாசம் அதே எண்ணெய் ஹார்ட்டுக்கு எமன். போன வருஷம் வெள்ளைச் சீனி விஷம், கருப்பட்டி மருந்துன்னு எங்கயோ வாசிச்சிட்டு எங்க வீட்டு ஆளு சீனியை அடியோட நிறுத்திட்டு காப்பிக்கு கருப்பட்டி, கஞ்சிக்கு கருப்பட்டி, டிவி பாக்கும்போ கடிக்கவும் கருப்பட்டின்னு இருந்தாரு, மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா சுகர் ஏறி நிக்குது. கருப்பட்டியிலயும் பெரும்பங்கு அதே சீனிதான்னு பொறவு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. அந்தக் கட்டுரையில எவ்வளவுன்னு ஒரு வரி இருந்திருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காது.

எவ்வளவுன்னு சொன்னாலும் கிராம்ல சொல்றீங்க, நான் என்ன தராசு வச்சா சமைக்கிறேன்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கு, அதை எங்க மக போன்ல காட்டினா. 2000 கலோரி சாப்பிடுற ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்ணெய் 27 கிராம். காலண்டர் பின்னாடி கணக்கு போட்டேன், வீட்ல நாலு பேரு, ஆளுக்கு ஆளு கொஞ்சம் முன்னப்பின்ன வரும், ஆனா மொத்தத்துல மாசம் மூணரை லிட்டர். நாங்க வாங்குறது அஞ்சு லிட்டர், அதுவும் தேங்காய் அரைச்சு ஊத்துறது தனி. தேங்காய் எண்ணெய்ல 90 சதவீதம் போல நிறைவுற்ற கொழுப்பு, அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும்ங்கதும் உண்மைதான், அதுக்காக இந்த ஊர்ல போய் அதைத் தொடாதேன்னா யாரு கேப்பா, மூணரைக்குள்ள நிறுத்து, அதுலயும் பாதிக்கு வேற எண்ணெய் வாங்குன்னா கேப்போம்.

உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம்தானாம். அப்படின்னா ஒரு கிலோ பாக்கெட் நாலு பேருக்கு 50 நாள் வரணும். எங்க வீட்ல ஒரு மாசம்கூட தாண்டாது, அதுல கருவாட்டு உப்பும் அப்பள உப்பும் சேரவே இல்ல. எனக்கு பிரஷர் ஏன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

காய்கறிதான் சிரிப்பு. ஆளுக்கு 400 கிராம், அப்போ வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1,600 கிராம். வடசேரி சந்தையில இருந்து ஆட்டோ பிடிச்சுதான் கொண்டுவரணும்! ஆனா துவரனும் (தேங்காய் போட்ட பொரியல்) அவியலும் சோத்துக்குத் தொட்டுக்க மட்டும் வைக்கிற வழக்கத்தை மாத்தினா பாதி தூரம் போயிரலாம்னு தோணுது, முருங்கைக்கீரை வீட்டு வாசல்லயே நிக்குது.

மரச்சீனி, அதான் மரவள்ளிக்கிழங்கு, அந்த விஷயத்துலயும் ஒண்ணு சொல்லணும். அதைப் பாரம்பரிய உணவுன்னு சிலபேர் தலையில தூக்கி வைக்காங்க, தென்னமெரிக்காவுல இருந்து வந்த கிழங்கு அது, திருவிதாங்கூர்ல 1880க்குப் பொறவு விசாகம் திருநாள் மகாராஜா காலத்துலதான் நல்லாப் பரவிச்சு. மாவுச்சத்துதான் அதுல எல்லாம், புரதம் ரொம்பக் கம்மி. சாளை (மத்தி) மீனோட தின்னது அதனாலதானோ என்னமோ. கிழங்கு அவிச்ச தண்ணியை வடிச்சுக் கொட்டணும்னு மாமி கண்டிப்பா சொல்லுவா, காரணம் கேட்டா தெரியாது, அந்தத் தண்ணியோடதான் சயனைடு விஷம் போகுதுன்னு பொறவு படிச்சேன். இப்பம் எங்க வீட்டுத் தட்டுல கிழங்கு மலை மாதிரி, மீன் ரெண்டு துண்டு. சுகர்காரருக்கு அதைத் தலைகீழா வைக்கணும், அதைத்தான் எந்தக் கட்டுரையும் எழுதல. சால்மன் சாப்பிடுங்கன்னு எழுதுறீங்க. குளச்சல்ல சால்மனுக்கு எங்க போக? சால்மன்ல உள்ள ஒமேகா-3ங்கிற நல்ல கொழுப்பு சாளையிலயும் அயிலையிலயும் (கானாங்கெளுத்தி) தாராளமா இருக்கு.

அதனால அடுத்த தடவை எழுதும்போ நாலு பேரு உள்ள வீட்டுக்கு மாசம் எண்ணெய் எத்தனை லிட்டர், உப்பு பாக்கெட் எத்தனை நாள், பயறு எத்தனை கிலோன்னு பலசரக்குச் சீட்டு மாதிரி போடுங்க, பிரிட்ஜ்ல ஒட்டி வச்சுக்குவோம். பயறை நான் இன்னும் கணக்கு போடல, பயறுக்குப் பதிலா திங்கிற மீன், முட்டையை அதுல எப்படிக் கழிக்கதுன்னு தெரியல, அதையும் சேர்த்து எழுதினா நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தக்கலை