நல்லா இருக்கிற வீட்டையும் எழுதுங்கள்: நொய்யல், பவானிக் கரைக் கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

‘சாயக்கழிவால தண்ணி கெட்டுப்போச்சு, ஊரெல்லாம் நோய்’ என்று தீர்மானம் போட்டு அனுப்புகிறீர்கள். யாருக்கு நோய், எந்தக் கிணற்றுத் தண்ணீர், எத்தனை வருடமாகக் குடிக்கிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் அதில் விடை இருப்பதில்லை. அப்படிப்பட்ட மனுவை ஓரங்கட்டுவது எவருக்கும் எளிது. அடுத்த தீர்மானத்துக்கு முன்னால் வீடுவாரியாக ஒரு நோய் வரைபடம் தயாரியுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இதைச் செய்துகாட்டியவர் லோயிஸ் கிப்ஸ். அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரத்தின் லவ் கெனால் பகுதியில் குடியிருந்த, விஞ்ஞானப் படிப்பு எதுவும் இல்லாத இளம் தாய். அங்கே ஒரு பழைய வாய்க்காலில் ஹூக்கர் என்ற ரசாயன நிறுவனம் 1942 முதல் 1953 வரை சுமார் 21,000 டன் கழிவைக் கொட்டி, மண் போட்டு மூடி, ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்துவிட்டது. அதன்மேல் பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. மகனுக்கு வலிப்பு வந்தபின் 1978-இல் கிப்ஸ் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். பிறகு அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து நோய்களைத் தெருப்படத்தில் குறித்தார். முதலில் எல்லாம் சிதறித்தான் தெரிந்தது. மண் மூடிப்போன பழைய நீரோடைகளின் தடத்தை அதே படத்தில் வரைந்ததும், அந்தத் தடத்தை ஒட்டியே நோய் வீடுகள் வரிசை கட்டின. பெவர்லி பைகன் என்ற புற்றுநோய் ஆராய்ச்சியாளர் தகவல்களை ஆராய்ந்து கொடுத்தார். மாநில அரசு இந்தக் கணக்கை முதலில் ஏற்கவில்லை. ஆனாலும் 1979 பிப்ரவரியில் கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும் என்று அதே அரசுதான் சொன்னது. கிப்ஸ் நடத்திய ஊர்வலங்களைவிட அந்த வரைபடத்தையே நாங்கள் பெரிதாக நினைக்கிறோம்.

உங்கள் ஊரிலும் பள்ளங்களிலிருந்தே தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபட நகல் வாங்கி, ஓடை, பள்ளம், வாய்க்கால், குட்டை, பாறைக்குழி எல்லாவற்றையும் குறியுங்கள். மண்ணடித்து மனை போட்ட பள்ளம் இன்று கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காட்டில் ஆடு மேய்த்த பெரியவர்களுக்குத் தெரியும். குப்பையோ சாயக்கழிவுச் சேறோ கொட்டி மூடிய பாறைக்குழிக்குத் தனி நிறம் கொடுங்கள். நம்முடையது பாறை நிலம், நிலத்தடி நீர் வெடிப்புகளின் வழியே போகும். பக்கத்துத் தோட்டத்து போர் நன்றாக இருக்க, தள்ளியிருக்கும் போர் கெட்டிருக்கும். தூரத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

நோயாளி வீட்டை மட்டும் எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. நூறு வீட்டில் ஐந்தா, இருபதில் ஐந்தா என்பது நல்லா இருக்கிற வீட்டையும் எழுதினால்தான் தெரியும். ஆற்றை விட்டு விலகிய ஓர் ஊரிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். வயது, எத்தனை வருடக் குடியிருப்பு, குடிப்பது ஆத்துத்தண்ணியா போர் தண்ணியா, எந்த வருடத்திலிருந்து, சாயப்பட்டறை வேலையா, பீடி சிகரெட் உண்டா என்பவை கட்டாயம். ‘கேன்சர்னு சொன்னாங்க’ என்றால் மருத்துவமனைச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். கருச்சிதைவு பற்றி மகளிர் குழுப் பெண்கள் தனியாகக் கேட்கட்டும். படத்தில் பெயர் வேண்டாம், எண் போதும். கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தப் பயம் நியாயமானது. சின்ன ஊரில் இரண்டு மூன்று பேருக்குப் புற்றுநோய் வருவது தற்செயலாகவும் நடக்கும் என்பதால், நாலைந்து ஊர் சேர்ந்து செய்வது நல்லது.

அடுத்தது தண்ணீர். மேல்தொட்டிக் குழாயில் பிடிக்காமல் போரிலிருந்தே பிடியுங்கள். மோட்டாரை ஓடவிட்டு, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) மீட்டரில் எண் அசையாமல் நின்றபின், அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி நிரப்புங்கள். உலோகச் சோதனைக்கான பாட்டில் தனி. அதை நைட்ரிக் அமிலம் சேர்த்து ஆய்வகமே தரும், அலசக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள். மே மாதம் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப்பின் ஒருமுறை எடுக்க வேண்டும். மழைத்தண்ணீர் கலந்தால் எண் இறங்கிவிடும்.

குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை. நைட்ரேட் 45 மில்லிகிராமுக்குள், குரோமியம் 0.05 மில்லிகிராமுக்குள். டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் காட்டும், குரோமியத்தையோ ஈயத்தையோ காட்டாது. கண்ணையும் நம்பாதீர்கள். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றப் போடும் உப்பு துணியில் தங்காது, அத்தனையும் கழிவுநீரில்தான் போகும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் இறங்கும், உப்பு இறங்காது. சவ்வு வழியே உப்பை வடிக்கும் ஆர்ஓவும், தண்ணீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் எவாப்ரேட்டரும் அதற்காகத்தான். அவற்றை ஓட்டக் கரண்ட் செலவு அதிகம் என்பதால், ஓட்டாமலே கழிவைத் திறந்துவிடக்கூடும். ராத்திரியில் ஓடையைக் கவனியுங்கள்.

நீங்கள் பிடிக்கும் பாட்டில் எங்கே தேட வேண்டும் என்று காட்டும், ஆலை மீதான வழக்கில் சாட்சியாக நிற்காது. 1974 நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்து முத்திரையிட்ட கழிவுநீர் மாதிரிதான் நிற்கும். ஆகவே தீர்மானத்தில் இப்படிக் கேளுங்கள்: இன்ன எண்ணுள்ள கிணறுகளிலும் இன்ன ஓடை வாயிலும், ஊரார் முன்னிலையில் மாதிரி எடுத்து, குரோமியம் உட்பட எல்லா முடிவுகளையும் எழுத்தில் தர வேண்டும். வரைபடத்தை அதோடு இணையுங்கள்.

இப்படிக்கு,
கொங்கு நாட்டு நீரும் நலமும் குறித்து வேலை செய்வோர்