சைவம் என்பது பிறப்பா, முடிவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அறவுணர்வால் புலால் உண்பதைக் கைவிடும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவர்களுடைய முடிவைக் குடும்பப் பழக்கத்தோடு ஒன்றாக்கிப் பேசியது சரியாகப் படவில்லை. பிறந்த வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை என்பதற்காக உண்ணாதிருப்பவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஞாயிறுதோறும் ஆட்டுக்கறிக் குழம்பு மணக்கும் வீட்டில், அந்த ருசியை நன்கறிந்த பிறகும், ஓர் உயிரின் வலியை எண்ணி வேண்டாம் என்பவரே தேர்ந்தெடுக்கிறார். 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கிய வள்ளலார், புலால் மறுப்பையும் பசித்தவருக்குச் சோறிடுவதையும் ஒரே சீவகாருண்யமாகக் கண்டார். சாதி வேற்றுமையையும் சாடினார். வாடகை விளம்பரத்தில் 'சைவம் மட்டும்' என்று போட்டுச் சாதியை மறைமுகமாக விசாரிப்பதற்கும் அந்தக் கருணைக்கும் தொடர்பில்லை.

அறமே காரணம் என்றால் கணக்கு இறைச்சியோடு முடிவதுமில்லை. முட்டைக்கென வளர்க்கும் இனத்தில் சேவல் குஞ்சுகள் முட்டையிடா, கறிக்கோழியைப் போல வேகமாக எடை கூடுவதுமில்லை என்பதால், பொரிப்பகங்களில் பிறந்த சூட்டோடு பெருமளவில் கொல்லப்படுகின்றன. தப்பிய பெட்டைகள் சிறகை முழுதாக விரிக்கவும் இடமில்லாத கம்பிக் கூண்டுகளில் முட்டையிடுகின்றன. உழவுக்கு டிராக்டர் வந்தபின் காளைக் கன்றுகளும், கறவை நின்ற மாடுகளும் எங்கே போகின்றன என்பது மாட்டுச் சந்தைக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். நெய்த் தோசையை விட முடியாத என்போன்ற சைவர்களுக்கு இது சங்கடமான கேள்விதான். அடுத்த கட்டுரையில் முட்டை, பால் உற்பத்தியைப் பற்றியும் விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஈரோடு