ஊராட்சித் தலைவராகப் போகிறவர்களுக்கு: முதல் கையெழுத்துக்கு முன் ஊரோடு உட்காருங்கள்

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினர் பதவிக்கும் நிற்கப்போகிற அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் யார் வெல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. வென்றதும் என்ன நடக்கும் என்பது ஓரளவு தெரியும். பதவியேற்ற மறுநாளே ஒப்பந்ததாரர்கள் வாசலுக்கு வருவார்கள். ‘நிதி வந்திருக்கிறது, பணியின் பெயரை உடனே கொடுங்கள்’ என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். பழைய பட்டியல் ஒன்று மேசையில் தயாராக இருக்கும்: பேவர் பிளாக் சாலை, சிறுபாலம், ஒரு மேல்நிலைத் தொட்டி. நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். ஐந்து ஆண்டுகள் இப்படியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால், ஊர் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கடைசியில் உங்களாலேயே சொல்ல முடியாது. அந்த முதல் கையெழுத்துக்கு முன் உங்களை நிறுத்திப் பேசவே இந்தக் கடிதம்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். பதவியேற்ற முதல் ஆறு மாதங்களை ஊரோடு உட்கார்ந்து திட்டமிடுவதற்குக் கொடுங்கள். இன்னும் பத்து ஆண்டுகளில் இந்த ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தெருத்தெருவாகப் பேசி, எழுதி, கிராம சபையில் நிறைவேற்றுங்கள். பணிகளின் பட்டியல் அதன்பிறகு வரட்டும்.

‘அதற்குத்தான் கிராம சபை இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அதற்குப் போதுமான அதிகாரமும் தந்திருக்கிறது. ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தர வேண்டியது அந்தச் சபைதான். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்களை 2022இல் அரசு ஆறாக உயர்த்தியது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆனால் அந்த ஆறு நாட்களும் எப்படிக் கழிகின்றன என்று நமக்குத் தெரியும். கூட்டப்பொருள் மேலிருந்து அச்சடித்து வருகிறது. டெங்கு ஒழிப்பு, நெகிழி ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு என்று வரிசையாக வாசிக்கப்படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அழைத்து உட்கார வைக்கிறார்கள். யாராவது எழுந்தால், தெருவிளக்கு எரியவில்லை என்றோ சாக்கடை அடைத்திருக்கிறது என்றோதான் சொல்வார். அவர் மேல் குற்றமில்லை. ஒரு நிமிடம் பேசக் கிடைத்தவர் அன்றைய வலியைத்தான் சொல்வார். பத்து ஆண்டுக் கனவைப் பேச நேரமும் நம்பிக்கையும் பக்கத்தில் தெரிந்த முகங்களும் வேண்டும்.

எல்லா ஊராட்சிகளுக்கும் ‘கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்’ என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசின் 14ஆவது நிதிக்குழு மானியம் வரத் தொடங்கிய 2015இலிருந்து இது நடைமுறையில் உள்ளது. ஊராட்சிகளுக்கான மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் தேடினால் உங்கள் ஊரின் திட்டமும் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு, அதில் உள்ள பணிகளைப் பற்றித் தேநீர்க் கடையில் நான்கு பேரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஊர்களில் அப்படி ஒரு திட்டம் இருப்பதே மக்களுக்குத் தெரியவில்லை. ஊரே அறியாத ஊர்த்திட்டத்தை நீங்களும் ஐந்து முறை பதிவேற்றிவிட்டுப் போகாதீர்கள்.

தெருவில் உட்கார்ந்து பேசுவதால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். சுயஉதவிக் குழுப் பெண்கள் தொடக்கப் பள்ளி மைதானத்தில் ஊரின் படத்தை வரைந்தார்கள். கோலமாவில் தெருக்கள், செங்கல் பொடியில் தார்ச்சாலை, வேப்பிலையை வரிசையாக வைத்து ஏரிக்கரை. வரைய வரைய, வேடிக்கை பார்க்க வந்த ஆண்களும் குனிந்து திருத்த ஆரம்பித்தார்கள். தண்ணீர் சரியாக வராத வீடுகளில் ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னபோது, கொட்டைகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவையோ கிழக்குத் தெருவின் கடைசியிலும் காலனியின் பின் வரிசைகளிலும் மட்டும் குவிந்தன. ஒரு பாட்டி குச்சியை எடுத்து, தொட்டியிலிருந்து குழாய் போகும் வழியைக் கோடாக இழுத்தார். நடுவில் சில வீடுகளைத் தட்டித் தட்டிக் காட்டினார். குழாயிலேயே மோட்டாரை மாட்டித் தண்ணீரை உறிஞ்சும் வீடுகள் அவை.

அந்த ஆண்டுப் பட்டியலில் புதிய மேல்நிலைத் தொட்டி ஒன்று இருந்தது. அது தேவையே இல்லை என்பது அந்த மைதானத்திலேயே தெரிந்துவிட்டது. வேண்டியிருந்ததெல்லாம் காலனிக்குத் தனிக்குழாய், இடையில் ஒரு கேட் வால்வு, மோட்டார்களைக் கழற்ற ஓர் ஊர்க்கட்டுப்பாடு. பிறகு வந்து பார்த்த பொறியாளரும் அதையேதான் சொன்னார். மோட்டார்களைக் கழற்றும்போது சண்டை வந்தது, உறவுகள் முறுக்கிக்கொண்டன. ஆனால் ஊரே படத்தைப் பார்த்துவிட்ட பிறகு, ‘எங்கள் வீட்டில் மோட்டார் கிடையாது’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு தொட்டி கட்டும் பணம் மிச்சமானதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது இதுதான்.

அந்தக் கூட்டத்தைப் பள்ளி மைதானத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. கோயில் மண்டபம் வசதியானது, நிழலும் இருக்கும். ஆனால் காலனிக்காரர்கள் அங்கே வந்து உட்கார்ந்து வாய் திறந்து பேச முடியுமா? எங்கே கூடுகிறீர்கள் என்பதிலேயே யாருடைய கனவு எழுதப்படும் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை, தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காகவே 1997இல் வெட்டிக் கொன்ற மண் இது. அதே மாவட்டத்தின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தனித்தொகுதி என்பதாலேயே 2006 வரை ஊராட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தவிடாமல் தடுத்து வைத்திருந்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு ‘ஊர் ஒன்றுகூடி முடிவெடுத்தது’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினால் அது பொய்.

ஆகவே முதல் கூட்டத்தைக் காலனியில் வையுங்கள். பெண்களுடன் தனியாக ஒரு சுற்று, இளைஞர்களுடன் ஒரு சுற்று, ஆடு மாடு மேய்ப்பவர்களுடன் ஒரு சுற்று பேசுங்கள். பகல் பதினோரு மணிக்குக் கூட்டினால் கூலி வேலைக்குப் போகிறவர் வர முடியாது. சமையல் முடிந்த இரவு நேரத்தில் கூடுங்கள். எல்லாத் தெருக்களும் பேசி முடித்த பிறகு பொதுக் கூட்டத்துக்கு வாருங்கள். அங்கே கருத்து மோதும், மோதட்டும். ஏரி வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்பார் நிலம் வைத்திருப்பவர். சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும் என்பார் நிலம் இல்லாதவர். எதற்கு எத்தனை பேர் ஆதரவு, எது தள்ளிப்போனது, ஏன் தள்ளிப்போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தள்ளிப்போனவருக்கு அடுத்த ஆண்டில் அது முதலில் வரும் என்ற உறுதி வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996இல் தலைவரான இளங்கோவின் காலத்தில் தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரின் இருபுறமும் வாழும் இரட்டை வீடுகள் எழுந்தன. வீடு கட்ட மதிப்பீடும் நிதியும் போதும். அந்தச் சுவரைப் பகிர்ந்துகொள்வதோ ஊர் முன்கூட்டியே பேசிவைத்திருந்தால்தான் முடியும்.

அடுத்தது பணம். ஊராட்சிக்கு ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று சொல்லாமல் ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று கேட்பது மக்களை ஏமாற்றுவது. கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் அறிவித்துவிட்டுத்தான் மக்களைக் கூப்பிட்டது. கிராம சபைகளில் பேசியவை வளர்ச்சி அறிக்கையாகி, கருத்தரங்கில் விவாதிக்கப்பட்டு, பணிக்குழுக்களின் கையில் திட்டங்களாயின. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் அலுவலர்களும் தொண்டர்களாக வந்து அவற்றைச் சரிபார்த்தார்கள். நம் ஊர்களிலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் மின்வாரியப் பணியாளரும் திண்ணையில்தான் இருக்கிறார்கள், யாரும் அழைப்பதில்லை. வீட்டுவரி எவ்வளவு வசூலாகிறது, மின்கட்டணத்துக்கு எவ்வளவு போகிறது, 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்ததுபோல எந்தப் பணத்தை எதற்குத் தொடலாம், தொடக் கூடாது என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கணக்கு தெரிந்தால் கேட்பவரின் கேள்வியே மாறும்.

திட்டம் என்றால் கட்டடமும் சாலையும் மட்டும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரில் போபட்ராவ் பவார் 1989இல் தலைவரான பிறகு அந்த ஊர் தனக்குத்தானே சில கட்டுப்பாடுகளைப் போட்டுக்கொண்டது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கிடையாது, கரும்பும் வாழையும் கிடையாது, மழை எவ்வளவு பெய்தது என்று பார்த்து அந்த ஆண்டின் தண்ணீர்க் கணக்கைக் கிராம சபையில் போட்ட பிறகே பயிர். இப்படிப்பட்ட கட்டுப்பாட்டை எந்த அரசாணையாலும் கொண்டுவர முடியாது. தானே பேசி முடிவெடுத்த ஊர் மட்டும்தான் அதைக் காப்பாற்றும்.

‘ஆறு மாதம் வேலை நடக்காவிட்டால் மக்கள் திட்டுவார்களே’ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். குடிநீர், விளக்கு, குப்பை ஆகிய அன்றாட வேலைகள் ஒருநாளும் நிற்க வேண்டியதில்லை. புதிய கட்டுமானங்கள்தான் காத்திருக்கட்டும். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. அப்போது தலைவராக இருந்த சண்முகம் 1996 முதல் பதவியில் இருந்தவர். ஏறிக்கொண்டே போன மின்கட்டணத்துக்கு வழி தேடிப் பல ஆண்டுகள் சேமித்து, மீதிக்குக் கடன் வாங்கிச் செய்த வேலை அது. மிஞ்சிய மின்சாரத்தை விற்று ஊராட்சிக்கு வருமானமும் வந்தது. அவசரப் பட்டியலிலிருந்து இப்படி ஒன்று பிறக்காது.

எழுதி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் இல்லாத காலம் வரும். 2016 முதல் குறைந்தது 2019 இறுதி வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளை, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லாததால், அரசு நியமித்த தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் அவர்களே வந்தார்கள். ஊர் ஏற்றுக்கொண்ட பத்தாண்டுத் திட்டம் ஒன்று கையில் இருந்தால், வருகிற அலுவலரிடம் மக்கள் அதைக் காட்டிக் கேட்கலாம். இல்லாவிட்டால் அவர் தருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தலைவியாகப் போகும் பெண்களுக்குத் தனியாக ஒரு சொல். உள்ளாட்சியில் பாதி இடங்கள் உங்களுடையவை. 2016இல் சட்டம் திருத்தி, 2019 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தெருக்கூட்டங்களுக்கு நீங்களே போங்கள். ‘தலைவரின் கணவர்’ வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். ஊரின் படத்தை வரைந்தவர்கள் முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தால், கோப்புகளைப் பிடுங்கிக்கொண்டு வேறொருவர் பேசுவது கடினம்.

வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருவீர்கள். துண்டறிக்கையில் தொட்டியும் சமுதாயக் கூடமும் அச்சடிக்க வேண்டாம். வெற்றி பெற்றால் எந்தத் தேதியில், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு முதல் திட்டக் கூட்டம் என்பதை மட்டும் அச்சடியுங்கள். அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு நாங்கள் வாக்களிக்கிறோம்.

இப்படிக்கு,
ஊராட்சி வாக்காளர் ஒருவர்