ரோனோக் படங்கள்: கலாவுக்கு ஒரு கடிதம்

திருநெல்வேலி

அன்புள்ள கலா,

உன் கடிதமும் உங்கள் வட கரோலினாக் கரையில் இருக்கும் ரோனோக் தீவில் எடுத்த போட்டோக்களும் வந்து சேர்ந்தன. மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம் என்று படித்ததில் மனசு நிறைந்தது. இங்கே அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஒரு மாதம் குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேப்பர் படிக்க முடியாததுதான் அவருக்குப் பெரிய குறை. அதனால் காலையில் நான் வாசிக்க அவர் கேட்கிறார். என் தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். மாப்பிள்ளை நாகர்கோவில் பக்கம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒரே கிராமத்தை இரண்டு விதமாக அங்கே பார்த்திருக்கிறாய், வண்ணத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று. 'இதில் எதை நம்புவது?' என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பத்தாம் வகுப்புக்குக் கொலம்பஸும் வாஸ்கோ ட காமாவும் நடத்தியபோதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்த படங்களை யார் வரைந்தார்கள் என்று ஒரு பிள்ளை கூடக் கேட்டதில்லை. நீ கேட்டுவிட்டாய். அதனால்தான் பதில் நீள்கிறது, பொறுத்துக்கொள்.

வண்ணப் படம் ஜான் ஒயிட் வரைந்தது. 1585-ல் அமெரிக்கக் கரையில் ஆங்கிலேயரைக் குடியேற்ற வால்டர் ராலே அனுப்பிய கப்பல்களில் ஓவியராகப் போனவர் அவர். கூடவே தாமஸ் ஹாரியட் என்ற கணித அறிஞரும் போனார். முந்தின வருஷம் இங்கிலாந்துக்குக் கூட்டிப் போகப்பட்டிருந்த மான்டியோ, வான்சீஸ் என்ற இரண்டு உள்ளூர்க்காரர்களிடம் ஹாரியட் அவர்கள் மொழியைக் கற்றிருந்தார். ஒருவர் பார்த்து வரைய, மற்றவர் கேட்டு எழுத, அப்படி ஒரு ஜோடி அந்தக் காலத்துப் பயணங்களில் அபூர்வம். (நீ இருக்கும் ராலே நகரத்துக்குப் பெயர் தந்த அந்த மனிதர் அந்தக் கரையில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை, தெரியுமா?)

கறுப்பு வெள்ளைப் படம் தியோடர் டி பிரை என்பவரின் செப்புத்தகட்டு அச்சு. லியேஜ் நகரத்தில் பிறந்த பொற்கொல்லர், புராட்டஸ்டன்ட். ஸ்ட்ராஸ்பர்க், ஆன்ட்வெர்ப், லண்டன் என்று ஊர் ஊராகப் போய்க் கடைசியில் பிராங்பர்ட்டில் தங்கினார். அட்லாண்டிக்கை அவர் கடந்ததே இல்லை. லண்டனில் இருந்தபோது, பயணக் கதைகளைத் தொகுத்த ரிச்சர்ட் ஹக்லூட் தூண்டியதன் பேரில் ஒயிட்டின் படங்களை வாங்கிக்கொண்டார். ஹாரியட் 1588-ல் படமில்லாமல் வெளியிட்டிருந்த வர்ஜீனியா அறிக்கையை (அந்தக் கரைக்கு ஆங்கிலேயர் அப்போது வைத்திருந்த பெயர் வர்ஜீனியா), 1590-ல் அந்தப் படங்களோடு லத்தீன், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என நான்கு மொழிகளில் அச்சிட்டார். ஐரோப்பா அமெரிக்காவைக் கண்ணால் பார்த்தது பெரும்பாலும் இந்தப் புத்தகத்தாலும், இதைத் தொடர்ந்து அவரும் அவர் மகன்களும் போட்ட தொகுதிகளாலும்தான். ஒயிட்டின் மூல ஓவியங்கள் ஒரு குடும்பத்தின் அலமாரியில் கிடந்து, 1865-ல் ஏலத்துக்கு வந்த சமயம் ஒரு தீ விபத்தில் தண்ணீரில் ஊறி, 1866-ல்தான் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இனி நீ இரண்டு விதமாகப் பார்த்த அந்தச் செக்கோட்டன் கிராமத்துக்கு வா. ஒயிட்டின் படத்தில் நடுவே ஒரு பாதை, இருபுறமும் வளைந்த கூரை வீடுகள். வலது பக்கம் சோளம் மூன்று பருவத்தில் நிற்கிறது: முற்றியது, பச்சை, இப்போதுதான் முளைத்தது. ஒருபக்கம் நட்ட கம்பங்களைச் சுற்றி ஆடுகிறார்கள், ஒருபக்கம் பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள். முற்றின சோளத்துக்குள் சின்னதாக ஒரு பரண் இருக்கிறது, கவனித்தாயா? அதன் மேல் ஆள் உட்கார்ந்து ஓயாமல் கூச்சல் போட்டுப் பறவைகளையும் மிருகங்களையும் விரட்டுவார் என்று அச்சுப் புத்தகத்தின் குறிப்பு சொல்கிறது. வள்ளி தினைப்புனத்துப் பரணில் நின்று ஆலோலம் பாடியது போலவேதான். அதைப் பார்த்த பிறகு அந்தக் கிராமம் எனக்கு எங்கேயோ இருக்கும் இடமாகத் தோன்றவில்லை.

டி பிரையின் அச்சில் அதே கிராமம் இன்னும் நிறைந்திருக்கிறது. புகையிலைத் தோட்டம், பூசணி, காட்டோரத்தில் மான் வேட்டை எல்லாம் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து போட்டு, கீழே விளக்கம் தந்திருக்கிறார். பேராசை இல்லாமல் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள் என்று அந்த மக்களை அந்த விளக்கம் புகழவும் செய்கிறது. ஆனால் ஆட்களைத் தனித்தனியாகக் காட்டும் படங்களுக்கு வந்தால் வித்தியாசம் பெரிது. ஒயிட் வரைந்த தலைவன் சாதாரணமாக நிற்கிறான், உடம்பு அவன் உடம்பு, முகம் அவன் முகம். டி பிரையின் தகட்டில் தசைகள் கிரேக்கச் சிலையைப் போலப் புடைக்கின்றன, முகங்கள் ஐரோப்பிய முகங்களாகிவிடுகின்றன. தலைவனை முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டாக நிறுத்தி, பின்னணியில் ஒரு வேட்டைக் காட்சியும் விரிகிறது. இதில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மனித உடம்பை எப்படிச் செதுக்குவது என்று அவர் கை ஏற்கெனவே கற்றிருந்தது, எதிரே வைத்த படத்தையும் அந்தப் பழக்கத்திலேயே செதுக்கிற்று. ஓவியம் சொல்லிக்கொடுத்த உனக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

பொமியோக் என்ற இன்னொரு ஊர்த் தலைவனின் மனைவி படத்தில் எட்டு, பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று நிற்கிறது. அதன் கையில் ஒரு பொம்மை, எலிசபெத் காலத்து ஆங்கிலேயச் சீமாட்டி உடையில்! ஒயிட் அதை அப்படியே வரைந்திருக்கிறார். டி பிரை பொம்மையோடு ஒரு கிலுகிலுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். கப்பலில் வந்தவர்கள் குழந்தைகளுக்குப் பொம்மை கொண்டு வந்தார்கள் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

ஆனால் கலா, அந்த வாரத்தில் வேறொன்றும் நடந்தது. ரிச்சர்ட் கிரென்வில் தலைமையில் படகுகள் பொமியோக், அக்வாஸ்கோகாக், செக்கோட்டன் என்று வரிசையாகப் போனது 1585 ஜூலையில். ஒயிட்டும் கூடப் போயிருந்தார். அக்வாஸ்கோகாக்கில் ஒரு வெள்ளிக் கிண்ணம் காணாமல் போயிற்று. அதைத் திருப்பித் தரவில்லை என்று, ஜனங்கள் ஓடிப்போன பிறகு ஒரு படகு திரும்பி வந்து ஊரையும் விளைந்த சோளத்தையும் கொளுத்தியது. பக்கத்து ஊரின் மூன்று பருவச் சோளம் நமக்கு ஓவியமாகக் கிடைத்திருக்கிறது, இந்த ஊரின் எரிந்த சோளம் எந்தத் தகட்டிலும் இல்லை. அடுத்த வருஷம் ஜூன் 1-ம் தேதி விங்கினா என்ற உள்ளூர்த் தலைவனை, அங்கே தங்கிய ஆங்கிலேயருக்குத் தலைவரான ரால்ஃப் லேனின் ஆட்கள் கொன்றார்கள். அதுவும் படத்தில் இல்லை. ஆங்கிலேயர் வந்து போன ஊர்களில் ஜனங்கள் திடீர் திடீரென்று செத்தார்கள், சில இடங்களில் 20 பேர், சில இடங்களில் 40, 60, ஓர் ஊரில் 120 பேர் என்று ஹாரியட்டே எழுதியிருக்கிறார். படங்கள் இருக்கும் அதே புத்தகத்தில்தான் அந்த வரிகளும் இருக்கின்றன. பக்கத்தைப் புரட்டினால் எல்லாரும் திடகாத்திரமாக நிற்கிறார்கள். ராலேயின் திட்டத்துக்குப் பணமும் ஆட்களும் சேர்க்க வந்த அறிக்கை அது. சாவைப் படமாகப் போட்டால் யார் கப்பல் ஏறுவார்கள்?

உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நம்பாதே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தையும் கூட வைத்துப் பார். ஒயிட்டும் நடந்ததையெல்லாம் வரையவில்லை. டி பிரையும் எல்லாவற்றையும் கற்பனை செய்யவில்லை. மீன் பிடிக்கும் படத்தில் மரத்தை எரித்துக் குடைந்த ஓடம், கம்பு நட்டுக் கட்டிய தடுப்பு, ஈட்டி எறியும் ஆள் என்று எல்லாம் அச்சில் அக்கறையோடு வந்திருக்கிறது. ஆட்களின் முதுகில் குத்தியிருந்த அடையாளங்களுக்குத் தனியாக ஒரு தகடே செதுக்கியிருக்கிறார்.

அந்தப் புத்தகத்தின் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. படங்கள் ஆதாமும் ஏவாளும் நிற்கும் தகட்டில் தொடங்குகின்றன. வர்ஜீனியா மக்கள் முடிந்ததும், கடைசியில் ஐந்து படங்கள் வருகின்றன, பழைய பிரிட்டனில் இருந்த பிக்ட் என்ற இனத்தாரும் அவர்களுடைய அண்டை நாட்டாரும். உடம்பெல்லாம் சித்திரம் எழுதி, கையில் வெட்டிய தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். பிரிட்டனில் இருந்தவர்களும் ஒரு காலத்தில் வர்ஜீனியாக்காரர்களைப் போலவே காட்டுமிராண்டிகளாக இருந்தார்கள் என்று காட்டவே இவை என்று விளக்கமும் உண்டு. அடிமை வியாபாரம் வளர்ந்த பின் வந்த எத்தனையோ புத்தகங்களில் இந்த எண்ணத்தைக்கூடப் பார்க்க முடியாது. ஆனாலும் இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நாங்கள் மாறினோம், நீங்களும் மாறுவீர்கள், மாற்றுவது எங்கள் வேலை என்கிற கணக்கு. அந்த மக்களை மனிதர்களாக ஏற்றுக்கொண்டே அவர்கள் நிலத்துக்கு உரிமை கொண்டாட முடிந்திருக்கிறது. இதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

அப்புறம் வரைபடம். டி பிரை அச்சிட்டதில் மேற்கு மேலே இருக்கிறது, கப்பலிலிருந்து கரையைப் பார்ப்பதுபோல. செசபீக் விரிகுடாவின் பெயர் முதன்முதலாக அச்சேறியது இதில்தான் என்பார்கள். இன்னொரு தகட்டில் வெளித்தீவுகளின் மணல்திட்டில் மோதி மூழ்கும் கப்பல்களைக் காட்டியிருக்கிறார். ஒயிட் கையால் வரைந்த வரைபடம் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் மேல் ஓர் இடத்தில் சின்னக் காகித ஒட்டு. 2012-ல் அதன் அடியில் ஒளி பாய்ச்சிப் பார்த்தபோது, ஆல்பெமார்ல் கழிமுகத்தின் மேற்கு முனையில் ஒரு கோட்டையின் குறி தெரிந்தது. 1587-ல் ஒயிட்டே கவர்னராகி 110-க்கு மேற்பட்டவர்களைக் குடியேற்றினாரே, அவர் பேத்தி வர்ஜீனியா டேர் கூட அங்கேதானே பிறந்தாள், அந்தக் கூட்டம் உள்நாட்டுக்கு 50 மைல் போகும் எண்ணத்தில் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். தொல்லியல்காரர்கள் அந்தக் குறியின் பக்கத்தில் தோண்டி ஆங்கிலேய மட்பாண்டத் துண்டுகளை எடுத்திருக்கிறார்கள். பெர்ட்டி கவுண்டி என்று சொல்கிறார்கள், உனக்கு அதிக தூரம் இருக்காது.

1590 ஆகஸ்டில் ஒயிட் திரும்பி வந்தபோது குடியேற்றம் காலி. கம்பத்தில் குரோட்டோவன் என்று பக்கத்துத் தீவின் பெயரைச் செதுக்கியிருந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர் புதைத்து வைத்துப் போன பெட்டிகளை யாரோ தோண்டி எடுத்திருந்தார்கள். புத்தகங்கள் அட்டை கிழிந்து, படங்களும் வரைபடங்களும் மழையில் மக்கிக் கிடந்தன. அதற்கு முன்பே, 1586-ல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் டிரேக்கின் கப்பல்களில் முதல் கூட்டம் அவசரமாகக் கிளம்பியபோது, மாலுமிகள் வரைபடங்களையும் எழுத்துகளையும் கடலில் வீசியிருந்தார்கள். அந்த மக்களைப் பற்றி மிஞ்சியிருப்பது எவ்வளவு கொஞ்சம் பார். பிராங்பர்ட்டில் அவர் படங்கள் நான்கு மொழியில் விற்பனைக்கு வந்ததும் அவர் திரும்பி வந்த அதே 1590-ல்தான்.

நம் கடற்கரைக்கும் இப்படி ஒரு புத்தகம் உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்த டச்சுப் பாதிரியார் பிலிப் பால்தேயஸ் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டது. யாழ்ப்பாணம், நாகப்பட்டினம், உன் தூத்துக்குடி எல்லாம் அதில் செப்புத்தகட்டுப் படங்களாக இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பார்க்கும்போது எனக்குப் பதற்றம் வருவதில்லை. அவர் தப்பாக வரைந்திருந்தால் மறுத்துச் சொல்ல நமக்குக் கல்வெட்டு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அந்த ஊரில் இன்றும் வாழும் ஜனங்கள் இருக்கிறார்கள். செக்கோட்டன்காரர்களின் மொழியில் இன்று தெரிவது ஹாரியட்டும் மற்றவர்களும் குறித்து வைத்த சில சொற்கள்தான். அதனால் அந்தப் படங்கள் அளவுக்கு மீறிச் சுமக்கின்றன. டி பிரையின் ஒரு கோடு பிசகினால் அதைத் திருத்த ஆள் இல்லை. பின்னால் வந்தவர்கள் அவரைப் பார்த்தே வரைந்தார்கள். 1612-ல் ஜான் ஸ்மித்தின் வர்ஜீனியா வரைபடத்தில் கம்பீரமாக நிற்கும் சஸ்குவெஹனாக் என்ற இனத்து வீரன், ஒயிட்டின் அந்தத் தலைவனிலிருந்து எடுத்த உருவம். இனமே வேறு, இடமும் வேறு, ஆனால் நிற்பது அதே ஆள்.

உன்னால் முடிந்தால் ஒன்று செய். பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையதளத்தில் ஒயிட்டின் படங்கள் பெரிதாகக் கிடைக்கின்றன. அந்தத் தலைவனின் இரண்டு உருவங்களையும் பென்சிலில் வரைந்து பார்த்து, தோள், தொடை, முகம் எங்கெங்கே மாறுகிறது என்று எனக்கு எழுது. சரித்திரம் படித்தவள் கண்ணுக்குத் தப்புவது வரைகிற கைக்குத் தப்பாது. டி பிரையின் புளோரிடா தொகுதியில் பிரேசில் நாட்டுக் கதாயுதம் எப்படிப் புகுந்தது என்று ஒரு தனிக் கதை இருக்கிறது, அது அடுத்த கடிதத்தில்.

கல்யாணப் பத்திரிகை அச்சானதும் அனுப்புகிறேன். மார்கழிக்குள் டிக்கெட் போட்டால்தான் விலை கட்டுப்படியாகும் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

அன்புடன்,
சாந்தா