ஆர்க்டிக் மங்கீஸ் ராக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்: பியானோ இருக்கட்டும், டிரம்ஸ் எங்கே?

அன்புள்ள அலெக்ஸ், ஜேமி, நிக், மேட் நால்வருக்கும்,

உங்கள் 2013 ஆல்பமான 'ஏ.எம்.' மாதிரி இன்னொரு ஆல்பம் போடுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. அப்படிக் கேட்பவர்கள் ஏற்கெனவே ஏராளம். பழைய கிதாரை எடு, பழைய தலைவாரலுக்குத் திரும்பு, தோல் ஜாக்கெட்டைப் போடு என்று 2018-இலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு உங்கள் 2022 ஆல்பமான 'தி கார்' பிடிக்கும். வயலின்கள் பிடிக்கும், பியானோ பிடிக்கும், பாடகர் அலெக்ஸ் குரலை இழுத்து இழுத்து, பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் பாடுவதுகூடப் பிடிக்கும். என் குறை வேறு. நால்வரில் ஒருவர் சத்தமில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார். அவர் டிரம்மர் மேட் என்பதால் அந்த 'சத்தமில்லாமல்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் அந்தப் பழைய புலம்பலை ஒதுக்கி வைத்துவிடுவோம். உங்கள் இசை மாறிவிட்டது என்ற அழுகை 2018-இல் வந்த 'டிராங்க்விலிட்டி பேஸ் ஹோட்டல் அண்ட் கசினோ'வில் தொடங்கியதல்ல. 2009-இல் 'ஹம்பக்' வந்தபோதும் இதே கதைதான். குயின்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஜோஷ் ஹோமியோடு கலிஃபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்துக்குப் போய், கனத்த, இருட்டான, மெதுவான பாட்டுகளோடு திரும்பி வந்தீர்கள். உங்கள் ஊரான, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து டாக்ஸி வரிசையையும் நைட்கிளப் வாசலில் நிற்கும் காவலாளியையும் பாடிய பையன்கள் எங்கே போனார்கள் என்று அன்றைக்கும் கேட்டார்கள். அதற்கும் முன்பே, 2008-இல், பாடகர் மைல்ஸ் கேனோடு சேர்ந்து 'தி லாஸ்ட் ஷேடோ பப்பட்ஸ்' என்ற பெயரில் அலெக்ஸ் முழு வாத்தியக் குழுவை வைத்து ஓர் ஆல்பமே போட்டார். ஆக, 2022-இல் வயலின் கேட்டுத் திடுக்கிட்டவர்கள் கொஞ்சம் தாமதமாகத் திடுக்கிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 'தி கார்' ஆல்பத்தின் மூன்றாவது பாட்டான 'ஸ்கல்ப்சர்ஸ் ஆஃப் எனிதிங் கோஸ்'-இல், உன்னுடைய இந்தக் கொடுமையான புதுச் சத்தம் என்று நீங்களே உங்களைக் கிண்டல் செய்துகொண்டீர்கள். அதற்கு மேல் அந்த விவாதத்தில் யாருக்கு என்ன வேலை?

நான் பேச விரும்புவது பாட்டு எந்த வரிசையில் உருவாகிறது என்பதைப் பற்றி.

2002-இல் ஷெஃபீல்டின் ஹை கிரீன் பகுதியில் தொடங்கியபோது குழுவில் யாருக்கும் உருப்படியாக வாசிக்கத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு அலெக்ஸுக்கும் ஜேமிக்கும் கிதார் கிடைத்தது. மற்றதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது டிரம்ஸ், அதனால் அதை எடுத்தேன் என்று மேட் சொல்லியிருக்கிறார். 2003 ஜூனில் 'தி கிரேப்ஸ்' என்ற பப்பில் முதல் நிகழ்ச்சி. அப்புறம் இரண்டு வருடம் அதே மாதிரி சின்ன இடங்கள். டெமோ சிடிக்களை வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தீர்கள். அவர்கள் அதை இணையத்தில் ஏற்றிப் பரப்பினார்கள். ஆல்பம் வருவதற்கு முன்பே கூட்டம் வரிகளை மனப்பாடமாகப் பாடியது. 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்து ஒரே வாரத்தில் 3,63,735 பிரதிகள் விற்றதும், பிரிட்டனில் ஒரு குழுவின் முதல் ஆல்பம் அவ்வளவு வேகமாக விற்றதில்லை என்று பத்திரிகைகள் எழுதியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இணையம் செய்த மாயம் என்று அதைச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பாட்டுகள் லிங்கன்ஷயரில் இருந்த ஸ்டூடியோவுக்குள் நுழைவதற்கு முன்பே நூறு தரம் அடிபட்டு வந்தவை. எந்த இடத்தில் கூட்டம் துள்ளும், எங்கே சலிக்கும், எங்கே அரை நொடி நிறுத்தினால் ஆள் கிறுக்குப் பிடித்துக் கத்துவான் என்பது குழுவின் கைகளுக்கே தெரிந்திருந்தது. 'எ சர்ட்டன் ரொமான்ஸ்' தொடங்கும்போது மேட் அடிக்கும் அந்த முரட்டு உருட்டல் யாரும் தாளில் எழுதி வைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

இப்போது 'டிராங்க்விலிட்டி பேஸ்' எப்படி வந்தது என்று பாருங்கள். முப்பதாவது பிறந்த நாளுக்கு மேனேஜர் ஒரு ஸ்டைன்வே பியானோ வாங்கித் தருகிறார். லாஸ் ஏஞ்சலஸ் வீட்டின் ஓர் அறையில் அலெக்ஸ் அதன் முன் உட்கார்ந்து, எட்டு டிராக் டேப் இயந்திரத்தில் தனியாகப் பதிந்துகொண்டே போகிறார். நிலாவில் ஒரு ஹோட்டல், அதில் டாகோ விற்கும் கடை, அந்தக் கடைக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். கற்பனை அபாரம். உங்கள் ஆல்பங்களிலேயே வரிகளுக்காக மட்டும் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். இது ஆர்க்டிக் மங்கீஸ் ஆல்பம்தானா, தன் தனி ஆல்பமா என்று அலெக்ஸுக்கே முதலில் சந்தேகம் இருந்ததாகச் சொல்லப்பட்டது. ஜேமிக்குப் போட்டுக் காட்டி, அவர் உற்சாகப்பட்ட பிறகுதான் எல்லோரும் பாரிஸ் பக்கத்தில் இருக்கும் லா ஃப்ரெட் ஸ்டூடியோவுக்குப் போனீர்கள். வீட்டில் பதிந்த குரலையே பல இடங்களில் அப்படியே வைத்துக்கொண்டீர்கள். விளைவு காதில் விழுகிறது. சமையலெல்லாம் முடிந்தபிறகு இலை போட மட்டும் கூப்பிட்ட சொந்தக்காரர் மாதிரி, மேட் அந்த ஆல்பம் முழுக்க மரியாதையாக ஓர் ஓரத்தில் நிற்கிறார்.

இத்தனைக்கும் அந்த மனிதர் யார்? பேஸ் டிரம்மின் முகத்தில் 'அஜைல் பீஸ்ட்' (சுறுசுறுப்பான மிருகம்) என்று எழுதி வைத்துக்கொண்டு வாசித்தவர். பொருத்தமான பட்டம்தான். நீங்கள் ஓய்வெடுத்த காலத்தில் அமெரிக்க ராக் பாடகர் இகி பாப்பின் 2016 ஆல்பத்துக்கும் அதையொட்டிய பயணத்துக்கும் ஜோஷ் ஹோமி டிரம்ஸுக்குக் கூப்பிட்டது இவரைத்தான். ஊர் உலகத்துக்குத் தெரிந்திருக்கிறது.

'தி கார்' விஷயத்தில் நான் கொஞ்சம் மனம் மாறினேன். 2021 கோடையில் சஃபோக்கில் பட்லி பிரையரி என்ற பழைய மடாலயக் கட்டடத்தில் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து தொடங்கினீர்கள். அந்த 'சேர்ந்து' என்பது சில பாட்டுகளில் தெளிவாகக் கேட்கிறது. பத்துப் பாட்டு, முப்பத்தேழு நிமிடம், இழுவையே இல்லை. 'தேர்'ட் பெட்டர் பி எ மிரர்பால்' தொடங்கி முதல் ஒரு நிமிடம் வாத்தியம் மட்டுமே போகிறது. பாடகனை அவ்வளவு நேரம் காக்க வைக்கும் தைரியம் பழைய மங்கீஸுக்கு இருந்திருக்காது. ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்துக்கு வரவில்லை, உங்களுடைய ஏழு ஆல்பங்களில் அதுதான் முதல் தடவை என்று சிலர் அதையே தீர்ப்பாகச் சொன்னார்கள். அதே நாளில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'மிட்நைட்ஸ்' வந்தது. அந்த வாரம் யார் போயிருந்தாலும் இரண்டாமிடம்தான். அதை விட்டுவிடலாம்.

ஆனால் டிரம்ஸ்? 'ஸ்கல்ப்சர்ஸ்'-இல் அடிப்பது இயந்திரம். ஜேமியின் மூக் சின்தசைசரும் (மின்னணு இசைக்கருவி) அந்த டிரம் மெஷினும் சேர்ந்து உருவாக்கும் இருட்டு எனக்குப் பிடித்ததுதான். பொய் சொல்ல மாட்டேன். ஆல்பத்தின் அட்டைப் படத்தை எடுத்தவரும் மேட். ஏதோ கட்டடத்தின் மொட்டை மாடிப் பார்க்கிங்கில் தனியாக நிற்கும் ஒரு வெள்ளைக் கார். நல்ல படம். டிரம்மருக்குப் படம் எடுக்க நேரம் கிடைத்திருக்கிறது என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன்.

இனி 'பாடி பெயின்ட்'. என் வழக்கு முழுவதும் இந்த ஒரு பாட்டின் மேல்தான் நிற்கிறது.

ரெகார்டில் அது மெல்லத் தொடங்குகிறது. அலெக்ஸ் கள்ளக் குரலில் (ஃபால்செட்டோ), பட்டுத் துணியைத் தொடுகிற ஜாக்கிரதையோடு பாடுகிறார். வயலின்கள் மெதுவாக ஏறுகின்றன. ஏமாற்றிவிட்டு வந்தவளின் உடம்பில் இன்னும் துடைபடாத சாயம் இருக்கிறது என்ற அந்த இடத்தில் பாட்டு நிமிர்கிறது. கடைசிப் பகுதியில் கிதார் கரகரத்துக்கொண்டு உள்ளே வருகிறது. வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, நாகரிகமாக விடைபெற்றுவிடுகிறது. அருமையாகச் செய்த பாட்டு. குறை சொல்ல இடமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன், அதே பாட்டை மேடையில் கேட்கும் வரை.

மேடையில் நீங்கள் அந்த முடிவை முடிக்கவில்லை. கிதார் அதே வட்டத்தில் மறுபடி மறுபடி சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் மேட் இன்னும் கொஞ்சம் பலமாக அடிக்கிறார், சிம்பல் தட்டின் ஓசை அலை அலையாக விழுகிறது, நிறுத்தப்போகிறீர்கள் என்று தோன்றும் இடத்தில் மறுபடி தொடங்குகிறீர்கள். ரெகார்டில் நல்ல உடை போட்டுக்கொண்டு வந்த பாட்டு மேடையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்கிறது. 2023 ஜூன் 23-ஆம் தேதி கிளாஸ்டன்பரி இசை விழாவில் முக்கியப் பகுதியை இந்தப் பாட்டோடுதான் முடித்தீர்கள். தொண்டை அழற்சியால் அந்த வாரம் டப்ளின் நிகழ்ச்சியை ரத்து செய்திருந்தீர்கள்; வருவீர்களா மாட்டீர்களா என்று கடைசி நேரம் வரை எல்லோருக்கும் பதற்றம். வந்தது மட்டுமில்லை, இயந்திரம் அடிக்கும் 'ஸ்கல்ப்சர்ஸ்'-இல் தொடங்கி, அது முடிந்த கையோடு 'பிரையன்ஸ்டார்ம்'-க்குத் தாவினீர்கள். டாம் டிரம்களில் மூச்சு விடாமல் உருண்டு ஓடுகிற அந்த 2007-ஆம் வருட அடி. புதிய இசையும் பழைய இசையும் ஒன்றையொன்று அடித்துக்கொல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரு மேடையில் நிற்க முடிந்தவை ஒரு ஆல்பத்தில் நிற்க முடியாதா?

சரி, மெதுவான பாட்டு என்றாலே இளைஞர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இல்லை என்பது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்றைக்கு டிக்டாக் தலைமுறை உங்கள் பழைய ஆல்பங்களிலிருந்து தோண்டி எடுத்துக் கொண்டாடிய பாட்டு '505'. பாட்டு முழுக்க இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு). ஆர்கனில் சோம்பலாகத் தொடங்கி, பாதிக்கு மேல் போனபிறகுதான் டிரம்ஸும் கிதாரும் கரையை உடைத்துக்கொண்டு வருகின்றன. அதற்காகத்தான் அந்தப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். பொறுமை இல்லாத தலைமுறை என்று யார் சொன்னது? ஆனால் அந்தக் காத்திருப்புக்கு ஒரு பலன் வேண்டும். '505' எழுதிய குழுவுக்கு 'பாடி பெயின்ட்'டின் முழு உருவத்தை ரெகார்டிலேயே கொடுக்கத் தெரியாமல் போயிருக்காது. அந்த உருவம் ரெகார்டிங் நடந்த காலத்தில் இன்னும் பிறக்கவில்லை. அது பிறந்தது மேடையில், கூட்டத்தின் முன்னால், பல இரவுகள் வாசித்து வாசித்து.

இதற்கு முன்மாதிரியும் உங்களிடமே இருக்கிறது. 'ஆர் யூ மைன்?' 2012 பிப்ரவரியில் தனிப் பாட்டாக வந்தது. அடுத்த ஆல்பத்துக்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல் இருந்தது. அதை ஊர் ஊராக வாசித்தீர்கள். மேட்டும் நிக்கும் பின்னணியில் உச்சக் குரலில் பாடும் அந்த வித்தை, நிறுத்தி நிறுத்தி விழும் அடி, எல்லாம் அதில்தான் உறுதிப்பட்டன. பிறகு 'ஏ.எம்.' முழுவதும் அந்த விதையிலிருந்து முளைத்தது. பழைய 'ஏ.எம்.' வேண்டும் என்று கேட்பவர்கள் கிதாரின் சாயலைக் கேட்கிறார்கள். அது வேண்டாம், பத்து வருடத்துக்கு முந்தைய சட்டை இப்போது இறுக்கும். அதைச் செய்த முறையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. அடுத்த ஆல்பத்தின் பாட்டுகளை அலெக்ஸ் எங்கே வேண்டுமானாலும் எழுதட்டும். பியானோவில், டேப்பில், நிலாவில். எழுதி முடித்ததும் நேராக ஸ்டூடியோவுக்குப் போகாதீர்கள். முந்நூறு பேர் கொள்ளும் நாலைந்து இடங்களைப் பிடியுங்கள். விளம்பரம் வேண்டாம், போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். யாருக்கும் தெரியாத பத்துப் பாட்டை யாருக்கும் தெரியாதபடி வாசித்துப் பாருங்கள். கூட்டம் முகத்தைச் சுளிக்கட்டும், பழைய பாட்டைக் கேட்டுக் கத்தட்டும். எந்த இடத்தில் மேட்டின் கை தானாக மேலே போகிறது என்று மற்ற மூவரும் கவனியுங்கள். அந்த இடத்தை அப்படியே பதிவு செய்யுங்கள்.

வயலின்களை அதற்கு அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

அன்புடன்,
உங்கள் ஏழு ஆல்பங்களையும் வரிசை மாறாமல் கேட்கும் ஒரு ரசிகன்