ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கம்

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு நிகழ்ச்சி நடத்தும் சிங்கப்பூர் அமைப்புகளுக்கும், அதற்காகத் தங்கள் சனிக்கிழமைகளைக் கொடுக்கும் தொண்டூழியர்களுக்கும் வணக்கம்.

போன விழாவில் என் மகள் ஓர் ஓவியப் போட்டியில் கலந்துகொண்டாள். தொடக்கநிலை இரண்டு. தலைப்பு 'என் நாட்டின் அழகு'. மயிலும் தாமரையும் வரைந்தாள். ஆறுதல் பரிசு கிடைத்தது. செந்தோசாவில் மயில் திரிகிறது, குளங்களில் தாமரை வளர்க்கிறார்கள், எனவே அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே வாரம் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், கறிவேப்பிலைத் தொட்டியில், ஒரு தேன்சிட்டு கூடு கட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த புல்லையும் சருகையும் சிலந்தி நூலால் கோத்து, சுருக்குப்பை மாதிரி தொங்கவிட்டு, வாசலுக்கு மேல் மழை படாமல் ஒரு சின்ன இறவாரம் கூட வைத்திருந்தது. வேலையெல்லாம் பெண் சிட்டுதான். ஆண் சிட்டு மஞ்சள் வயிறும் மினுங்கும் நீலக் கழுத்துமாக எதிர்க் கம்பியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது. நாங்கள் பத்து நாள் அந்தப் பக்கம் துணி காயப்போடவில்லை.

"இதை வரைந்திருக்கலாமே?" என்று கேட்டேன். "அது சன்பர்ட். தமிழ்ல பேர் இல்லையே" என்றாள்.

பேர் இருக்கிறது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த மடல் அதனால்தான்.

தேசியச் சின்னங்களைப் பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள். பற்றுறுதியைத் தமிழில் சொல்வார்கள், சின்னத்தில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் புலி என்பார்கள். வாண்டா மிஸ் ஜோக்கிம் தேசிய மலர் என்றும் தெரியும். அந்த மலரை 1981 ஏப்ரல் 15 அன்று அறிவித்தவர் அப்போதைய கலாசார அமைச்சர் எஸ். தனபாலன். இன்று நீங்கள் விழா நடத்தும் அதே ஏப்ரல். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தஞ்சோங் பகார் தோட்டத்தில் பூத்த கலப்பின ஆர்க்கிட் அது. 1893-இல் தாவரவியல் பூங்கா இயக்குநர் ரிட்லியிடம் கொண்டுபோய்க் காட்டினார். தானாக முளைத்ததைக் கண்டெடுத்தாரா, அவரே இனம் கலந்து வளர்த்தாரா என்று ரொம்ப காலம் சர்ச்சை நடந்து, 2016-இல்தான் அவரே உருவாக்கினார் என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். ஹில் ஸ்திரீட் ஆர்மீனியத் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. இந்தப் பூவுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டலாம் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஒரு பெண்ணின் பெயர் அது, அப்படியே இருக்கட்டும்.

நான் கேட்பது வேறு. உங்கள் பணப்பையில் ஐந்து வெள்ளி நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் நம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் படம், கூடவே தமிழில் 'சிங்கப்பூர்'. திருப்பினால் வாண்டா மலரும், தாவரவியல் பூங்காவின் பெரிய தெம்புசு மரமும். முன்பக்கத் தமிழைப் பற்றி நாம் பெருமையாகப் பேசாத மேடை இல்லை. பின்பக்கத்தைத் தமிழில் பேசியதே இல்லை.

தெம்புசுவைத் தெம்புசு என்றே சொல்லலாம், நம் ஊர்களில் இல்லாத மரம். ஆனால் நாம் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே நிற்கும் மரங்களில் பாதிக்குப் பழைய தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. வண்டி நிறுத்துமிடத்துக்குக் குடை பிடிக்கும் ரெயின் ட்ரீதான் தூங்குமூஞ்சி மரம். சாயங்காலமானால் இலையை மடக்கிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் இதை 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், இரண்டு மொழிக்காரர்களும் ஒரே விஷயத்தைக் கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சிவப்பு விதை பொறுக்கிப் போத்தலில் சேர்க்கும் சாகா மரம் நம் ஆனைக்குன்றிமணி. மலாயில் மெலாக்கா மரம் என்பது நெல்லிக்காய் மரம். நடைபாதையில் பூக்கொட்டும் மலாய் 'புங்ஙா தஞ்சோங்' வேறொன்றுமில்லை, மகிழம்பூ.

என் அம்மா நாகப்பட்டினத்துக்காரர். போன டிசம்பரில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று குனிந்து, உருண்டையாக ஒரு காயை எடுத்தார். "புன்னை! இது இங்கயும் இருக்கா?" சின்ன வயதில் இதை வைத்துக் கோலி ஆடியதையும், புன்னை எண்ணெயில் விளக்கெரித்ததையும் சொல்லிக்கொண்டே வந்தார். நெய்தல் நிலத்துக்குப் புன்னை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். அதே மரத்தடியில் இருபது வருஷம் சைக்கிள் நிறுத்தியிருக்கிறேன், தெரியவில்லை.

பறவைகளும் அப்படித்தான். குயிலின் இனிமையைப் பற்றி உங்கள் கவிதைப் போட்டியில் வருஷம் தவறாமல் நாலு பேர் எழுதுகிறார்கள். அதே குயில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜன்னலோரம் கத்தினால், "அந்தப் பறவையை விரட்ட முடியுமா" என்று புளோக் வாட்ஸ்அப் குழுவில் புகார் போடுவதும் நாம்தான். கால்வாயில் குடும்பத்தோடு நீந்தும் ஆட்டருக்கு நீர்நாய் என்று எத்தனை பேர் வீட்டில் சொல்கிறோம்? தேசியப் பறவை என்று அரசாங்கம் எதையும் அறிவிக்கவில்லை. இயற்கைச் சங்கம் 2002-இலும் 2015-இலும் நடத்திய வாக்கெடுப்புகளில் ஜெயித்தது செந்நிறத் தேன்சிட்டு. எங்கள் வீட்டுச் சிட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு.

சரி, என்ன செய்யலாம்? பேச்சுப் போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த ஏப்ரலில் ஒரே ஒரு சனிக்கிழமையை அரங்கத்துக்கு வெளியே வையுங்கள். காலை ஏழரை மணி, வெயில் ஏறுமுன். ஒரு பேட்டை, பத்து மரம், ஐந்து பறவை. சொல்லிக்கொடுக்கப் பேராசிரியர் வேண்டாம். கீழ்த்தளத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிகளைக் கூப்பிடுங்கள், அவர்களுக்குப் பாதி தெரியும். மலாய்ப் பெயர் தெரிந்த அண்டைவீட்டார் வந்தால் இன்னும் நல்லது. போட்டி வைத்தே ஆகவேண்டும் என்றால், அதன்பின் ஓவியப் போட்டி வையுங்கள். தலைப்பு 'என் புளோக்கின் கீழே'.

எங்கள் பேட்டையில் வைத்தால் ஒழுங்கு செய்ய நான் தயார். பரிசுக்கும் கவலை வேண்டாம். அம்மா ஊருக்குப் போகுமுன் ஒரு பை நிறையப் புன்னைக்காய் பொறுக்கி, காயவைத்து, எங்கள் காலணி அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு தகப்பன்